நிசிரோஸ் படகுப் பயணம்: எரிமலைக்குள் நாற்பது நிமிடம் போதாது

கிரேக்கத்தின் கோஸ் தீவில், தென்கரையில் இருக்கும் கர்தாமெனாவிலிருந்து நிசிரோஸ் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் படகில் சென்ற மாதம் நானும் என் கணவரும் போய்வந்தோம். இருபத்தாறு ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்தவள் நான். எரிமலையின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதற்குள் இறங்கி நடந்தது இதுவே முதல் முறை.

படகைப் பற்றிக் குறையே இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். வழியில் யாலி என்ற குட்டித் தீவில் நுரைக்கல் வெட்டியெடுக்கும் சரிவு, மாவு கொட்டிவைத்ததுபோல் வெள்ளையாகத் தெரியும்.

நிசிரோஸின் மந்த்ராகி துறையில் பஸ் காத்திருக்கிறது. மலையேறி, விளிம்பைத் தாண்டி, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதன் தரையில்தான் ஸ்தெஃபானோஸ் என்ற எரிமலை வாய் இருக்கிறது: சுமார் 300 மீட்டர் அகலம், 25 மீட்டருக்கும் கூடுதலான ஆழம். நுழைவுக் கட்டணம் தனி.

அழுகிய முட்டை நாற்றம் முதலில் வயிற்றைப் புரட்டுகிறது, பிறகு பழகிவிடுகிறது. உள்ளே சாம்பல் வெள்ளை மண். காலடி வைத்தால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை. ஓர் ஆவித்துளையின் அருகே குனிந்து பார்த்தேன். துளையின் விளிம்பு முழுக்க ஊசி ஊசியாகக் கந்தகப் படிகங்கள், எலுமிச்சை மஞ்சளில். அடியில் தண்ணீர் கொதிக்கும் இரைச்சல். செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் சூடு ஏறியது.

வழிகாட்டி, கடல் தெய்வம் பொசைடன் கோஸ் தீவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துப் பொலிபோதிஸ் என்ற அரக்கன்மேல் எறிந்த கதையைச் சுவையாகச் சொன்னார். அந்தத் துண்டுதான் நிசிரோஸ். அடியில் சிக்கிய அரக்கனின் மூச்சே இந்த ஆவி. ஆனால் ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் புவித்தட்டு ஏஜியன் கடலுக்கடியில் புதைவதால்தான் சான்டோரினி, மிலோஸ், நிசிரோஸ் ஆகிய எரிமலைத் தீவுகள் எல்லாம் வில்போல் வளைந்த ஒரே வரிசையில் நிற்கின்றன என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த வாயைத் திறந்தது எரிகுழம்பு அல்ல, நிலத்தடி நீர் சூடேறி ஆவியாகி வெடித்ததுதான் என்பதையும் சொல்லவில்லை. பக்கத்து வாய்களில் 1871 முதல் 1873 வரையிலும் 1887-லும் இதே வகை வெடிப்புகள் நடந்திருக்கின்றன. நாம் நிற்கும் தரை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "நெருப்பு எங்கே?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெரிய குறை நேரம். நாற்பது நிமிடத்தில் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. விளிம்பின் உச்சியில் வெள்ளை வீடுகளாகத் தெரிந்த நிக்கியா கிராமத்தில் எரிமலை அருங்காட்சியகமே இருக்கிறது. அங்கே பஸ் போகவில்லை. மந்த்ராகியில் இரண்டு மணி நேரம் சும்மா விட்டார்கள். கொண்டைக்கடலை வடையும் சுமாதா என்ற பாதாம் பானமும் நன்றாக இருந்தன. ஊருக்குப் பின்னால் ஹொஹ்லாகி கரையின் கறுப்புக் கூழாங்கற்களைத் தவறவிடாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். முடிந்தவர்கள் மந்த்ராகியில் ஓர் இரவு தங்கி, பகல் படகுகள் வருவதற்கு முன் பள்ளத்தில் இறங்குங்கள். தடித்த அடியுள்ள ஷூ அவசியம். வெள்ளி நகைகளைப் பையில் வைத்துவிடுங்கள். ஆவிக்கு அருகே நீட்டிய கையிலிருந்த என் மோதிரம் மாலைக்குள் கறுத்துவிட்டது.