காட்பாடியில் ஒரு மண் பரிசோதனை நிலையம்: என் மதிப்பீடு

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. வரப்பில் அடிக்கும் களைக்கொல்லி கிணற்றுக்குள் இறங்கிவிடுமோ என்ற கவலையில், காட்பாடியில் உள்ள ஒரு தனியார் நிலையத்தில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன்.

அங்கிருந்த ஆய்வாளர் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து, ஒன்றில் பாலாற்று மணலையும் மற்றொன்றில் என் மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினார். மணல் வழியே நீலம் விரைவிலேயே வடிந்தது. என் மண்ணின் அடியிலோ தெளிந்த நீரே சொட்டியது. களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால், நேர்மின்னேற்றமுள்ள அந்தச் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. பாராகுவாட் களைக்கொல்லியும் இப்படித்தான் சிக்குகிறது என்றார். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் கதை வேறு. செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுதான் அதைப் பற்றிக்கொள்கிறது, டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரம் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால் அந்தப் பிடி தளரக்கூடும். உரக்கடையில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

டி.டி.டி., குளோர்பைரிபாஸ் போன்று நீரில் எளிதில் கரையாத பூச்சிமருந்துகளைப் பெரும்பாலும் மண்ணில் மக்கிக் கிடக்கும் மட்குதான் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. என் மண்ணில் மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.38 சதவீதம், 0.5-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. தொழுவுரமும் ஏரி வண்டலும் போடச் சொன்னவர், பிடித்துவைக்கப்பட்ட நஞ்சு அழிந்துவிட்டதாகப் பொருளல்ல, நுண்ணுயிர்கள் எட்ட முடியாமல் அது நெடுநாள் தங்கவும் கூடும் என்று எச்சரித்தார். ஆகவே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் சேர்ந்த ஏரியின் வண்டலை அள்ள வேண்டாம் என்று அவர் அழுத்திச் சொன்னது, நம் மாவட்டத்தார் அனைவரும் கேட்க வேண்டிய சொல்.

குறை ஒன்று உண்டு. மருந்தின் எச்சத்தை அளக்கும் கருவி அங்கே இல்லை என்பதைப் பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகே சொன்னார்கள். முதலிலேயே கேட்டவனுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. களிமண் அளவு அதில் இல்லை.

எச்சத்தை அளக்க விரும்புவோர் வேறிடம் பார்க்கலாம். தங்கள் மண் எதைப் பிடிக்கும், எதை விடும் என்று அறிய விரும்புவோர் தயங்காமல் இங்கே போகலாம். கிணற்றோர மண்ணைத் தனிப் பையில் கொண்டு போங்கள்.