எழுத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்: கோல்ஃப் ஷாஃப்ட்களும் சில்லறைச் சாமான்களும்

புது ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) கைக்கு வந்ததும் உறையைப் பிரித்து வளைத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். கிளப் கட்டுகிறவர் முதலில் எடுக்க வேண்டியது தராசும் காலிப்பரும். ஆர், எஸ், எக்ஸ் என்று அச்சடித்திருக்கும் ஃப்ளெக்ஸ் (விறைப்பு) எழுத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஸ், இன்னொன்றின் ஆர் அளவுக்கே விறைப்பாக இருக்கலாம். கிராமும் அங்குலமும் அப்படி ஆளுக்கு ஆள் மாறாது.

அயர்னில் (தட்டையான உலோகத் தலையுள்ள கிளப்) ஒப்பீட்டுக்கு ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்டு எஸ்300-ஐ வைத்துக்கொள்வோம். வெட்டாத நிலையில் சுமார் 130 கிராம். பெயரில் உள்ள 'எஸ்' விறைப்பையும், '300' எடைப் பிரிவையும் குறிக்கும். எஸ்200, எஸ்300, எஸ்400 மூன்றும் ஒரே விறைப்பு, எடைதான் வேறு. இந்தப் பிரிப்பு கட்டுகிறவருக்குப் பெரிய வசதி. ஒரு செட் முழுவதையும் தராசில் வைத்தால் அதிகம் அலையாமல் நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிப்பான் என்.எஸ். ப்ரோ 950ஜிஹெச். 1999-இல் வந்தது, 100 கிராமுக்குள் அடங்கும் ஸ்டீல் ஷாஃப்ட். எஸ் ஃப்ளெக்ஸ் சுமார் 98 கிராம். பின்னால் வந்த 'நியோ', லாஃப்டை (கிளப் முகத்தின் சாய்வை) குறைத்துச் செய்யப்படும் இன்றைய அயர்ன் ஹெட்களுக்காகவே பந்தைக் கொஞ்சம் உயர்த்தி அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. 7-ஆம் நம்பர் அயர்னின் லாஃப்ட் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நியோவைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வோம். அதைவிடச் சாய்வான லாஃப்டுள்ள பழைய பாணி ஹெட்டில் பந்து தேவையில்லாமல் எகிறும். அங்கே பழைய 950 போதும்.

எஸ்300-ஐக் கழற்றிவிட்டு 950 போடுகிற இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஷாஃப்டில் சுமார் 9 கிராம் குறைந்தால் ஸ்விங்வெயிட் (சுழற்றும்போது ஹெட் பக்கம் உணரப்படும் கனத்தின் அளவு) ஒரு புள்ளி இறங்கும். 30 கிராமுக்கு மேல் குறைந்தால் மூன்று, மூன்றரைப் புள்ளி போய்விடும். சி9-க்கு அடுத்து டி0 என்று ஏறும் அந்த அளவுகோலில் டி2-இல் இருந்த கிளப் சி9 பக்கம் வந்து நிற்கும், கையில் ஹெட் இருப்பதே தெரியாது. ஹெட்டில் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். ஆக 6, 7 கிராம் வேண்டும். அதை முழுக்க டிப் வெயிட்டாக (ஷாஃப்டின் நுனியான டிப்புக்குள் செருகும் சிறு எடை) ஹோசலுக்குள் (ஷாஃப்ட் நுழையும் ஹெட்டின் கழுத்து) திணித்தால் கணக்குச் சரியாகும், ஆனால் ஹெட்டின் எடை மையம் ஷாஃப்ட் சேரும் குதிகால் பக்கம் நகரும். 4 கிராமுக்கு மேல் டிப் வெயிட் கேட்கிற ஹெட்டாக இருந்தால், வாங்கும்போதே எடை கூடிய ஹெட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. நீளத்தை அரை அங்குலம் கூட்டினாலும் மூன்று புள்ளி ஏறும் என்பது உண்மைதான். ஆனால் எடைக்காக நீளத்தைத் தொட்டால் பந்தை முகத்தின் நடுவில் அடிப்பது கெடும்.

ஏரோடெக் ஸ்டீல்ஃபைபர் ஐ95 இந்த இரண்டுக்கும் வேறான சாதி. உள்ளே கிராஃபைட், வெளியே முடியைவிட மெல்லிய எஃகு இழைச் சுற்று. எடை 95 கிராம் வகுப்பு. மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கிற ஆட்டக்காரருக்கு ஸ்டீலின் எடை உணர்வை விட்டுவிடாமல் அதிர்வைக் குறைத்துத் தருகிறது. எங்கள் பார்வையில் இந்த மூன்றில் விலைக்கேற்ற வித்தியாசம் கையில் தெரிவது இதில்தான். கட்டும்போது மட்டும் கவனம் வேண்டும். எஃகு இழை வெளிப்புறத்தில் இருப்பதால், டிப்பைச் சுரண்டும்போது பெயின்ட் போனதும் நிறுத்திவிட வேண்டும். பளபளப்புப் போய் மங்கல் நிறம் சீராகத் தெரிந்தால் போதும். இழை பிசிறாக எழும்பினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். இதை ட்யூப் கட்டரால் வெட்டக்கூடாது. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் இறுகச் சுற்றி, கட்-ஆஃப் வீலில் ஷாஃப்டை மெல்லச் சுழற்றியபடி வெட்ட வேண்டும். தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

ஆர்டர் போடும் முன் டிப் டேப்பரா (கூம்பி ஒடுங்குவது) பாரலலா (ஒரே தடிமன்) என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 0.355 அங்குல டேப்பர், ஒவ்வொரு அயர்னுக்கும் தனித்தனி நீளத்தில் வரும். பட் (பிடி) பக்கம் மட்டுமே வெட்டலாம். 0.370 பாரலலில் ஒரே நீளத் தண்டு, கிளப்புக்குக் கிளப் டிப்பில் அரை அங்குலம் கூட்டிக் கூட்டி வெட்டிக்கொண்டே போக வேண்டும். கையிருப்பு வைக்கப் பாரலல் சுலபம். ஆனால் குட்டை அயர்ன்களுக்குப் போகப் போக அதிகம் வெட்டப்படுவதால் ஷாஃப்டின் எடையும் இறங்கிக்கொண்டே வரும். ஒரே எடை செட் முழுக்க வேண்டுமென்றால் கான்ஸ்டன்ட் வெயிட் டேப்பர்தான் வழி. 0.370 துளையில் 0.355 ஷாஃப்டை எபாக்சிப் பசையை நிரப்பி ஒப்பேற்றுகிற வேலை வேண்டாம். பித்தளை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) மலிவு.

டிரைவரில் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) ஃபூஜிகூரா வென்டஸைப் பற்றிச் சொல்லாமல் தீராது. 2019-இல் வந்த இதன் வெலோகோர் அடுக்கில் 70 டன் (டன் என்பது இழையின் விறைப்புத் தரம்) பிட்ச் கார்பன் ஃபைபரும், முழு நீளத்துக்கும் ஓடும் 40 டன் சாய்வு அடுக்குகளும் உண்டு. ஹெட்டின் ஓரத்தில் பட்டாலும் டிப் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பது இதனால்தான். சிவப்பு வகை பந்தை உயர்த்தும், நீலம் நடுத்தரம், கறுப்பு தாழ அனுப்பும். கறுப்பைப் பெயருக்காக வாங்கி வேகம் போதாமல் பந்தை வலப்பக்கம் தள்ளுகிற வலக்கை ஆட்டக்காரர்கள் நிறைய. சந்தேகம் இருந்தால் நீலம். வாங்கும்போது ஷாஃப்டின் மேல் 'வெலோகோர்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் ரெடிமேடாக விற்கும் டிரைவர்களோடு அதே பெயரில், அதே நிறத்தில், அந்த அடுக்கு இல்லாத வென்டஸும் வருவதுண்டு. இரண்டாம் கைச் சந்தையில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

இனி சில்லறைச் சாமான்கள். கிளப் ஓசை எழுப்புவதும், ஹெட் பறப்பதும் ஷாஃப்டால் அல்ல, பெரும்பாலும் இவற்றால்தான்.

எபாக்சியில் 3எம் டிபி420-ஐக் குறை சொல்ல எதுவுமில்லை. கன அளவில் இரண்டுக்கு ஒன்று கலவை. சுமார் 20 நிமிடம் கையாள நேரம் தரும். இரண்டு மணி நேரத்தில் ஓரளவு பிடித்தாலும், 24 மணி நேரம் போகாமல் பந்தை அடிக்கக் கூடாது. புது கார்ட்ரிட்ஜைத் திறந்ததும் நேரே கலக்காமல், இரு குழாயிலிருந்தும் சமமாக வரும் வரை கொஞ்சம் பிதுக்கி எறிந்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் கலவைதான் மறுநாளும் பிசுபிசுப்பாக இருக்கும். ஐந்து நிமிட எபாக்சி இந்த வேலைக்கே ஆகாது. கார் டிக்கியின் வெயிலில் இளகும், அடியின் அதிர்ச்சியில் நொறுங்கும். ஷாஃப்ட் துளையில் தளர்வாக இருந்தால் எபாக்சியில் ஒரு சிட்டிகை கண்ணாடி மணித்துகள் சேர்த்தால் நடுவில் நிற்கும்.

கிராஃபைட் ஷாஃப்ட் போடுவதற்கு முன் ஹோசல் வாயின் உள்விளிம்பைக் கூம்பாகச் சீவிவிட வேண்டும். கூர்மையான விளிம்பு இருந்தால், அடிக்க அடிக்க அந்த இடத்தில்தான் ஷாஃப்ட் முறியும். ஹெட்டைப் பொருத்தியபின் கிளப்பை ஹெட் கீழே இருக்கும்படி நிறுத்தி உலர விடுங்கள். தலைகீழாக நிறுத்தினால் எபாக்சி ஷாஃப்டுக்குள் ஓடி ஒரு துளியாக உறைந்து, பின்னால் கலகலவென்று ஆடும்.

ஃபெரூலை (ஹோசலுக்கு மேலே ஷாஃப்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் வளையம்) நல்லதாக வாங்குங்கள். மலிவானதில் உள்விட்டம் ஒன்றுபோல் இருக்காது. பொருத்திய கொஞ்ச நேரத்தில் ஃபெரூல் மேலே ஏறி இடைவெளி விடுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்று. டிப் வெயிட் போட்ட கிளப்பில் இது அதிகம். ஹெட்டை ஒரேயடியாக அழுத்தாமல் திருகித் திருகி இறக்கி, ஒரு நிமிடம் கழித்து ஃபெரூலை மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். உலர்ந்தபின் பெல்ட்டில் ஹோசல் மட்டத்துக்கு இழைத்து, அசிட்டோனில் நனைத்த துணியைச் சுழலும் ஃபெரூல் மேல் ஒரு தடவை ஓட்டினால் கறுப்புக் கண்ணாடிபோல் மின்னும். இரண்டாம் தடவை ஓட்டத் தோன்றும். ஓட்டினால் பள்ளம் விழும். துணி ஷாஃப்ட் பெயின்ட்டில் பட்டால் அதுவும் போச்சு.

டிரைவர் அடாப்டர் ஸ்லீவில் (ஷாஃப்டை ஹெட்டோடு திருகிச் சேர்க்கும் உறை) மலிவு மாற்று வகைகள் நிறைய வந்துவிட்டன. பற்கள் ஹெட்டுக்குள் ஆட்டமில்லாமல் உட்கார்கிறதா என்பதை எபாக்சி போடும் முன்பே திருகிப் பார்த்துவிட வேண்டும், ஒட்டியபின் கழற்ற ஹீட் கன்னும் ஷாஃப்ட் புல்லரும் வேண்டும். கிராஃபைட்டை முறுக்கி இழுத்தால் டிப் பிளந்துவிடும், நேராகத்தான் இழுக்க வேண்டும். ஸ்க்ரூவை 40 இஞ்ச்-பவுண்ட் டார்க் ரென்ச்சில் 'டிக்' என்று சொல்லும் வரை இறுக்குங்கள். சாதாரணத் திருப்புளியில் கைக்கணக்கு வேண்டாம்.