சந்தூர் ஒட்டு மாங்கன்று: இலையை விட்டு ஒட்டைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு போட நினைக்கிறவர்கள் கன்றுக்குப் போகிற இடம் போச்சம்பள்ளிப் பக்கம் உள்ள சந்தூர். அங்கே ஒரு நர்சரியில் எடுத்த 25 கன்றுகளைப் பற்றியது இந்த விமர்சனம். பெங்களூரா ரகம் 15, அல்போன்சா ரகம் 10. எல்லாமே மென்தண்டு ஒட்டு, அதாவது நாட்டு மாங்கன்றின் இளந்தண்டைப் பிளந்து, வேண்டிய ரகத்துத் தாய்மரத்தின் குச்சியைச் சொருகி டேப்பால் கட்டியது. ஒட்டுக் கட்டிய கை நல்ல கை. ஆனால் கட்டிய டேப்பை அவிழ்க்காமலே விற்கிறார்கள். இந்த ஒரு குறை கன்றையே கொன்றுவிடும் என்பதால் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மாங்குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சைப் பட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே வழவழவென்று ஈரமாக ஒரு படலம் இருக்கும். கேம்பியம் இருப்பது அங்கேதான். சில செல்கள் கனம்தான், ஆனால் தண்டு பருப்பது இந்தச் செல்கள் பிரிவதால்தான். உள்பக்கம் தள்ளும் செல்கள் சைலமாகி வேரிலிருந்து தண்ணீரை ஏற்றும். வெளிப்பக்கம் தள்ளும் செல்கள் ஃபுளோயமாகி இலையில் தயாரான சர்க்கரையை வேருக்கு இறக்கும். நாட்டுக் கன்றைப் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய தாய்க்குச்சியைச் சொருகும்போது இரண்டு கேம்பியமும் ஒன்றையொன்று தொட வேண்டும். குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்கக் கூடாது, ஒரு ஓரமாக ஒதுக்கி அந்தப் பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வைக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட செல்கள் செத்துவிடும். அவற்றுக்கு அடியில் உயிரோடு இருக்கிற செல்கள் பிரிந்து, கேலஸ் என்னும் மெத்தென்ற திசுவாக இடைவெளியை அடைக்கும். அதற்குள் இரு பக்கத்துக் கேம்பியமும் இணைந்த பிறகுதான் புதிய சைலமும் ஃபுளோயமும் உருவாகும். அதுவரை மேல்குச்சிக்குக் கீழிருந்து சரியாகத் தண்ணீர் ஏறாது. உள்ள ஈரம் காயாமல் இருக்கத்தான் பாலித்தீன் குழாயைக் கவிழ்க்கிறார்கள். வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே தாய்க்குச்சியின் இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விடுவதும் இதற்காகத்தான். இலை இருந்தால் நீராவி போய்க்கொண்டே இருக்கும். இலை போனால் மொட்டு பருத்துத் தயாராக நிற்கும்.

ஒரு கன்றை ஒட்டோடு சேர்த்து நெடுக்காகப் பிளந்து பார்த்தோம். கட்டைக்குள் பழுப்பாக ஒரு மெல்லிய V கோடு தெரிந்தது. அது பழைய வெட்டு. செத்த கட்டை எந்தக் காலத்திலும் ஒட்டாது. அதைச் சுற்றி வளர்ந்த புதுக்கட்டை மேலும் கீழும் ஒரே சீராக ஓடியிருந்தது, இடைவெளி எங்கும் இல்லை. இதைவிடச் சுத்தமான வேலையை எதிர்பார்க்க முடியாது.

இனி டேப். 25 கன்றில் 6 கன்றுகளில் டேப் பட்டைக்குள் இறங்கியிருந்தது. மேல்பக்கம் மோதிரம் மாதிரி வீக்கம், கீழ்ப்பக்கம் சன்னமான தண்டு. பட்டை நெரிந்தால் ஃபுளோயம் அடைபடும், இறங்க வேண்டிய சர்க்கரை மேலேயே தேங்கும். வீக்கம் அதனால் வருவது. உள்ளே சைலம் திறந்திருப்பதால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், இலையும் பல நாள் பச்சையாகவே நிற்கும். கீழே வேர் பட்டினி. நட்ட பிறகு கன்று பட்டுப்போனால் பழி தண்ணீர் மேலும் கரையான் மேலும் விழும்.

வாங்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் அது நாட்டுக் கன்றின் துளிர், அடியோடு கிள்ள வேண்டும். ஒட்டு எவ்வளவு நன்றாகச் சேர்ந்தாலும் இரண்டின் செல்களும் கலப்பதில்லை. மேலே அல்போன்சா செல் அல்போன்சாவாகவே பிரியும், கீழே உள்ளது நாட்டு மாங்காயாகவே நிற்கும். அடுத்து பையின் அடிப்பாகம். ஆணிவேர் அங்கே சுருண்டிருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள், பெரிய மரமானாலும் காற்றுக்குச் சாயும்.

ரகம் எழுதிய சீட்டு எந்தப் பையிலும் இல்லை. கன்றாக இருக்கையில் இலையை வைத்து ரகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, காய்த்தால்தான் தெரியும். பில்லில் ரகத்தின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். வண்டியில் ஏற்றிய ஆட்கள் தண்டைப் பிடிக்காமல் பையைப் பிடித்துத் தூக்கினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். வேர்த்தூவி ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நீட்சி, மண் கட்டி உடைந்தால் நிறைய அறுந்துபோகும். நட்ட மறுநாளே கொழுந்து தொங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர். ஒட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும், புதைந்தால் அழுகும். நடுவதற்கு முன்பே டேப்பை அறுத்துவிடுங்கள். பிடித்து இழுத்தால் பட்டையும் கூடவே உரியும். பிளேடால் ஒரு பக்கம் மட்டும் நெடுக்காக, டேப்பின் கனத்துக்கு மேல் இறங்காமல் கீறிவிட்டால் போதும், தண்டு பருக்கப் பருக்கத் தானாக விரிந்து கழன்றுவிடும்.