சாசா! ஃபெயித் கையேடு: மூன்று ஆண்டுப் பொறுமை உள்ளவர்களுக்கு

பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகத் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கைகோத்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினால், சில வாரங்களிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். கண்டன அறிக்கை விட்டாயிற்று, பதாகை பிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டது 'சாசா! ஃபெயித்' என்ற கையேடு, 'சாசா!' என்ற மதச்சார்பற்ற திட்டத்தின் மதப் பதிப்பு. உகாண்டாவின் ரெய்சிங் வாய்சஸ் அமைப்பும், அயர்லாந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் டிரோகரா நிறுவனமும் சேர்ந்து 2016-இல் இதை வெளியிட்டன. வீட்டு வன்முறை, எச்.ஐ.வி. இரண்டையும் ஒன்றாகவே பேசும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'சாசா' என்றால் சுவாஹிலியில் 'இப்போது' என்று பொருள். பெயர்தான் அப்படி, அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

தொடக்கம், விழிப்புணர்வு, ஆதரவு, செயல் என நான்கு கட்டங்கள். ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துகள் சேர்ந்தால் அதே பெயர் வரும். கையேட்டின் பெரிய பலம், அது வன்முறையைவிட்டு அதிகாரத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது. "மனைவியை அடிக்காதே" என்று பிரசங்கித்தால், அடிக்கிறவர் அடுத்தவரைத் திரும்பிப் பார்ப்பார். "உன்மேல் யாராவது அதிகாரம் செலுத்தியபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் அந்த வழி அடைபடும். அதிகாரத்தால் நசுங்கிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு, மேடையில் நிற்கும் தலைவர் உட்பட.

தமிழில் நடத்துகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஆங்கிலக் கையேட்டில் 'power' என்ற ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது: ஒவ்வொருவருக்குள்ளும் இருப்பது, ஒருவர்மேல் ஒருவர் செலுத்துவது, பிறரோடு சேரும்போது வருவது, செய்து முடிக்க உதவுவது. நான்குக்கும் 'அதிகாரம்' என்றே போட்டால் முதல் அமர்வு குழம்பிப் போகும். நம் காதில் அந்தச் சொல் ஏற்கெனவே மேலிருந்து கீழே பாய்வது. உள்வலிமை, ஆதிக்கம், கூட்டுப்பலம், செயல்திறன் என்று பிரித்துக்கொண்டு, தொடக்கக் கட்டத்திலேயே நான்கையும் பலகையில் எழுதிவிடுவது நல்லது.

பெரும்பாலான கூட்டமைப்புகள் சறுக்குவது கட்டங்களைத் தாண்டுவதில். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாள் இயக்கம் வருகிறது. ஊர்வலம் வேண்டும், படம் வேண்டும் என்று நேராகச் செயல் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அடிப்பது தவறு என்றே இன்னும் ஒப்புக்கொள்ளாத சபையில் ஊர்வலம் நடந்தால், வாய் திறந்த பெண்ணுக்குக் கிடைப்பது "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்ற புத்திமதி. செயலுக்கு முன்னால் ஆதரவுக் கட்டம் இருப்பது அதனால்தான். பேசியவளைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் தயாராகாமல் அவளைப் பேசத் தூண்டக்கூடாது.

பலன் உண்டா? 2008-இல் வந்த மூல சாசாவை உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் 8 சமூகங்களைக் கொண்டு சோதித்தார்கள். 4 இடங்களில் திட்டம் நடந்தது, மற்ற 4 ஒப்பீட்டுக்கு. 2014-இல் வெளியான முடிவின்படி, துணைவரின் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகும் அபாயம் திட்டம் நடந்த இடங்களில் 52 விழுக்காடு குறைவு. எல்லாப் பிரசுரங்களிலும் வரும் எண் இது. அந்த மதிப்பீட்டின் பிழைவரம்பு மிக அகலமானது, அதாவது உண்மையான எண் இதிலிருந்து வெகுதூரம் விலகியும் இருக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எட்டே சமூகங்கள் என்றால் அப்படித்தான் வரும். தவிர, அது மூலத் திட்டத்தின் எண். மதப் பதிப்பின் அட்டையில் ஒட்டிக்கொள்ள முடியாது. சராசரியாக 2.8 ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்தது என்பதையும் மறக்கக்கூடாது. மூன்று மாத நிதியில் அதை எதிர்பார்ப்பது வீண்.

கையேட்டை மட்டும் நம்பி இறங்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. முதல் நல்ல பிரசங்கம் முடிந்ததுமே ஒரு பெண் வந்து நிற்பாள். அதற்கு முன்பே மருத்துவமனை, சட்ட உதவி, காப்பகம் ஆகியவற்றின் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 120 மணி நேரம். இரண்டும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "ஜெபம் பண்ணுவோம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம்" என்றால் அந்த வாசல் மூடிவிடும். கணவரை அழைத்து எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசுவது அதைவிட மோசம். அவள் அங்கே சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். எண்கள் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தனுப்புவதும் ஆபத்து. எதை எடுத்துப் போவது பத்திரம் என்று அவளையே கேட்க வேண்டும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்குமுன், குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கக் குருக்களுக்கு இன்னொரு சிக்கல்: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லவே முடியாது. அதே விஷயத்தை அதற்கு வெளியே வந்து தம்மிடமோ வேறொருவரிடமோ சொல்லும்படி அவளை அழைப்பதுதான் வழி.

வேத வசனங்களுக்கும் தயாராகப் போக வேண்டும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22-ஐ எடுத்து யாராவது நீட்டுவார். முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. கிறிஸ்து சபையை நேசித்ததுபோல் மனைவியை நேசிக்கச் சொல்லி 25-ஆம் வசனம் கணவன்மேல் வைக்கும் சுமை இன்னும் கனமானது. குர்ஆன் 4:34-இல், 'அடித்தல்' என்று வழக்கமாகப் பொருள்கொள்ளப்படும் 'ளரப' என்ற அரபு வினைச்சொல்லைச் சுற்றி விவாதம் நீளும். அதில் போய்ச் சிக்காமல், திருமண உறவை அன்பும் கருணையுமாக வரையும் 30:21-ஐக் கையில் வைத்திருக்கும் ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பகுதியைத் தொண்டு நிறுவன ஊழியர் நடத்தினால் எடுபடாது.

தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காமல் வீட்டைப் பார்ப்பது நல்லது. தலைவரே அடிக்கிறவராக இருந்தால் கேள்விப்பட்ட அன்றே சபை சிரிக்கும், கையேடும் கூடவே சாகும். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு நடத்தை விதியில் கையெழுத்திட வேண்டும்; அவர்மேல் புகார் வந்தால் அவருடைய சபைக்கு வெளியே உள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். கூட்டமைப்பு என்ற ஏற்பாடு தனிச் சபையைவிட உண்மையிலேயே உதவும் இடம் இது.

கிறிஸ்தவமும் இஸ்லாமும் மட்டுமே இந்தக் கையேட்டில் உண்டு. இந்து, பௌத்தக் குழுக்கள் சேர்ந்தால், வசனம் இருந்த இடத்தில் சுலோகத்தை ஒட்டிச் சமாளிக்கத் தோன்றும், ஒட்டு தெரியும். அவர்கள் மதச்சார்பற்ற மூலத்தின் திருத்திய பதிப்பான, 2020-இல் வந்த 'சாசா! டுகெதர்'-ஐ எடுத்துக்கொண்டு, தங்கள் நூல்களைத் தாங்களே தேடிச் சேர்ப்பது மேல்.