ஆர்எக்ஸா, ஆர்டியா, ஷோகனா?

போன மாதம் கே.ஆர்.பி. அணை ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் வந்து கேட்டார். "அண்ணா, கையில ஒன்றரை லட்சம் இருக்கு. பழைய ஜப்பான் பைக் ஒண்ணு வாங்கி கடைசி வரைக்கும் வச்சுக்கணும். ஆர்எக்ஸ் எடுக்கட்டுமா, ஆர்டி எடுக்கட்டுமா?"

அங்கே ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். நான் ஷோகன் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு நின்றபடியே விளக்க முடியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் டூ ஸ்ட்ரோக் பைக்குகள்தான் நினைவுக்கு வரும். ஜப்பான்காரர்களின் வேகம் நமக்கு இரண்டு சக்கரத்தில்தான் அறிமுகமானது. 1983-ல் ராஜ்தூத் 350 (ஆர்டி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்), 1984-ல் இந்த்-சுசூகி, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100, 1993-ல் சுசூகி ஷோகன். பட்டுக்கூடு விற்ற காசிலும் மாந்தோப்புக் குத்தகைக் காசிலும் வாங்கிய அந்த வண்டிகள் இன்னும் எத்தனையோ வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கின்றன.

என் அனுபவம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் 100 பதினோரு வருடம் வைத்திருந்தேன். ஷோகனுக்கு இது ஒன்பதாவது வருடம். ஆர்டி என்னுடையதில்லை, பாலக்கோட்டில் இருக்கும் மாமாவுடையது. ஆனால் அதன் என்ஜினை இரண்டு முறை அவருடன் உட்கார்ந்து பிரித்து மாட்டியிருக்கிறேன்.

ஆர்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஆசை எல்லோருக்கும் அங்கேதான் தொடங்குகிறது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானில் 1973-ல் வந்த யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. அங்கே 39 குதிரைத்திறன். இங்கே மைலேஜை நினைத்து முதலில் 30.5 ஆகவும் பிறகு 27 ஆகவும் குறைத்தார்கள். முதலாவதுக்கு ஹை டார்க், அடுத்ததுக்கு லோ டார்க் என்று பெயர். ஜப்பான் வண்டியில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்தது, நமக்கு வந்தது டிரம்.

குறைத்ததற்கே இந்த இழுவை என்றால் குறைக்காதது எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். கீழே சாதுவாக ஓடும். 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாட ஆரம்பிக்கும், கை தானாக ஹேண்டில்பாரை இறுக்கும். ராயக்கோட்டை ரோட்டில் முதன்முதலாக அதை உணர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

ஆனால் வைத்துக் காப்பாற்றுவது வேறு விஷயம். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு கார்புரேட்டர், இரண்டு செட் பாயிண்ட் (பிளக்கில் பொறி வரவைப்பது). ஒன்று சரியாக இருந்து மற்றது கொஞ்சம் விலகினாலும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. இடது பக்கம் கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) ஆயில் சீல் தேய்ந்து காற்றை இழுத்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் குறைந்து காற்று கூடி, சூடேறி, பிஸ்டன் மண்டையில் ஓட்டை. வலது சிலிண்டர் நன்றாகவே ஓடியதால் கடைசி வரை தெரியவில்லை. கிராங்கைப் பிரித்து, புது பேரிங் போட்டு, அழுத்திச் சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துத் தர இங்கே ஆள் கிடைக்கவில்லை. பெங்களூருக்குப் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பியது. அந்த நாலு மாதமும் மாமா வாரம் ஒரு முறை டேங்க்கைத் துடைத்து வைத்தார்.

ஒன்றரை லட்சத்தில் முழு ஆர்டி கிடைக்காது. அந்த விலைக்கு வருவது பாதி வண்டியும் இரண்டு சாக்கு மூட்டை சாமானும்தான். ஓடும் நிலையில் இருப்பது அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கிறார்கள். மைலேஜும் லிட்டருக்கு இருபதைத் தாண்டினால் மாமா அதை எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வார்.

ஆர்எக்ஸ் இதற்கு நேர் எதிர். 98 சிசி, 50 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 11 குதிரைத்திறன். எண்ணில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் எடை நூறு கிலோ சொச்சம்தான், அதனால் அந்தப் பதினொன்றும் முழுசாகக் காலுக்குக் கீழே வந்துவிடும். கட்டமைப்பு அவ்வளவு எளிது. அரூரிலோ ஊத்தங்கரையிலோ எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் யாராவது ஒரு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கார்பன் எடுத்துத் தருவார். பிளக், கேபிள், கிளட்ச் பிளேட் எதற்கும் அலைய வேண்டாம்.

பிரச்சினை சாமான் கிடைக்காததில் இல்லை, நிறையக் கிடைப்பதில் இருக்கிறது. ஆர்எக்ஸுக்கு மவுசு ஏறியதும் போலியும் ஏறிவிட்டது. அச்சு அசல் ஒரிஜினல் மாதிரியே பெட்டி, ஸ்டிக்கர். ஒரு கடையில் நம்பி வாங்கிய பிஸ்டன் கிட் முந்நூறு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. மொரப்பூர் தாண்டி ஒரு மத்தியான வெயிலில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சை உடனே பிடித்ததால் கீழே விழவில்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓரமெல்லாம் சுரண்டல், சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டிக்கிடந்தது.

அப்போதிருந்து ஒரு பழக்கம். லேத்துக்கு சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வரமாட்டேன். பிஸ்டனையும் கையில் கொண்டுபோய், மைக்ரோமீட்டரில் அளந்து காட்டச் சொல்லி, அந்த அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைந்து போர் போடச் சொல்வேன். 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன்) என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வெட்டினால் இடைவெளி தப்பும். நல்ல லேத்காரர் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார், மகிழ்ச்சியடைவார்.

அடுத்தது பிறப்புச் சான்று. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. ஆர்.சி.யில் 1999, 2001 என்று போட்டுக்கொண்டு டேங்கில் ஆர்எக்ஸ் 100 ஸ்டிக்கர் மின்னினால், அது 2005 வரை வந்த 132 சிசி ஆர்எக்ஸ் 135 ஆக இருக்கலாம், அல்லது இரண்டு மூன்று வண்டியைச் சேர்த்து ஒட்டியதாக இருக்கலாம். 135 என்று தெரிந்தே வாங்கினால் தப்பே இல்லை. எனக்கு ஓட்டுவதற்கு 135-ல் ஐந்து கியர் மாடல்தான் இன்னும் பிடிக்கும், நெடுஞ்சாலையில் என்ஜின் அலறாமல் போகும். 100 என்று சொல்லி 135-ஐத் தலையில் கட்டுவதுதான் கசப்பு. சேஸிஸ் நம்பர் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பெயின்ட்டைத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். மறுபடி அடித்த எண்ணில் வரிசை கோணும், சுற்றி உலோகம் அரைத்த தடம் இருக்கும். பழைய ஆர்எக்ஸ் திருட்டு அதிகம் போகும் வண்டி, இதில் வெட்கப்பட்டு நிற்கக் கூடாது.

சரி, ஷோகனுக்கு வருகிறேன். 108 சிசியில் 14 குதிரைத்திறன். சிசிக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் மாமாவின் ஹை டார்க் ஆர்டியே இதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நடுவில் வயிறு புடைத்த அந்த சைலன்சரும் அதிலிருந்து வரும் குரலும் தனி. கீழே ஆர்எக்ஸ் அளவுக்கு இழுவை இருக்காது. ஆனால் என்ஜினைச் சுற்றவிட்டால் சின்ன உடம்பை மீறி ஓடும்.

இந்த வண்டி டிவிஎஸ்ஸும் சுசூகியும் சேர்ந்து ஓசூரில் செய்தது. டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் வெளிவந்த அதே மண்ணில்தான் இந்த்-சுசூகியும் பிறகு ஷோகனும் பிறந்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. ஆக ஷோகன் தர்மபுரி மாவட்டத்து வண்டி. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

2001-ல் டிவிஎஸ்ஸும் சுசூகியும் பிரிந்தன. அதற்குப் பிறகு சாமான் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர் கேட்டால் ஷோகன் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். அங்கே ஒரு சைடு பேனல் உடைந்தால் அத்தோடு சரி. ஆனால் நம் நிலைமை வேறு. என் வண்டியைப் பார்க்கும் பெரியவர் அந்தக் காலத்தில் அந்த ஓசூர் ஆலையிலேயே என்ஜின் அசெம்பிளியில் வேலை பார்த்தவர், இப்போது ஓய்வு. எந்த போல்ட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். சிப்காட்டைச் சுற்றி நுணுக்கமான வேலை செய்யும் லேத்கள் இருக்கின்றன. ஆயில் சீலும் பேரிங்கும் வண்டிப் பெயரில் கேட்டால் கிடைக்காது. உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றையும் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போனால் அன்றைக்கே கிடைக்கும். இதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

எளிதாகக் கிடைக்காதது பிஸ்டன், ரிங், பிளாஸ்டிக் பாகங்கள். பிஸ்டனுக்காக நாங்கள் ஐந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். யாருக்கு எங்கே பழைய ஸ்டாக் கண்ணில் பட்டாலும், தனக்கு வேண்டாத அளவாக இருந்தாலும் வாங்கிவிடுவது. அப்படித்தான் எனக்கு 0.50 ஒன்று தேன்கனிக்கோட்டையில் மூடப்போன ஒரு கடையிலிருந்து வந்தது. வாங்கியவருக்கு வேண்டியது 0.25. அதை நான் பிறகு பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடிக் கொடுத்தேன். ஆர்எக்ஸ் வைத்திருந்த பதினோரு வருடத்தில் எனக்குக் கடைக்காரர்களைத் தெரியும். ஷோகன் வந்த பிறகுதான் கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

மூன்றுக்கும் பொதுவான சில விஷயங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே உருளவிடாதீர்கள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெட்ரோல் போனால்தான் ஆயில் போகும். சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே எண்ணெய் வறண்டுபோகும். அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிரேக்கிங்கும் குறைவு. அதனால் டிரம் சூடேறும். ஆர்டியில் இந்த இறக்கம் எனக்கு இன்னும் பயம், அந்த எடைக்கும் வேகத்துக்கும் முன் டிரம் போதாது. ஷோகனும் ஆர்எக்ஸும் லேசான வண்டிகள், சமாளித்துவிடும்.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி வெயிலில் சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் காட்டும், காலையில் பிளக் கறுக்கும். அதைப் பார்த்து அங்கேயே ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) குறைத்துவிட்டுக் கீழே இறங்கினால் இங்கே வெயிலில் சூடேறும். கீழே உள்ள ஊருக்குத்தான் செட் பண்ண வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பாகங்களை அது ஊறவைத்துக் கெடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். வண்டியை இரண்டு வாரம் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு என்ஜினை அணையும் வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். ஆர்எக்ஸுக்குப் புது ரப்பர் செட் சுலபமாகக் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அளவு பார்த்துத் தேட வேண்டும்.

காகித விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாயாக்கினார்கள், பசுமை வரி தனி. விண்டேஜ் பதிவு ஐம்பது வயது ஆன வண்டிக்குத்தான். முதல் ராஜ்தூத் 350-க்கே அது 2033-ல்தான் வரும்.

தம்பிக்கு என் பதில் இதுதான். தினமும் வேலைக்கு ஓட்ட வேண்டும், பட்டறையில் உட்கார நேரமில்லை என்றால் நம்பர் சரியாக உள்ள ஆர்எக்ஸ் 135. கையில் இதைப் போல மூன்று மடங்கு பணமும், வண்டி இல்லாமல் பல மாதம் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் ஆர்டி, அதைப் போல வேறொன்று கிடையாது. கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு ஷோகன். முப்பது, நாற்பதாயிரத்தில் வண்டி கிடைத்தால் மிச்சப் பணத்தில் பத்து வருடத்துக்கான சாமானைச் சேர்த்து வைக்கலாம். அதைத் தெரிந்த கைகள் ஓசூரில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அதனால் கற்றுக்கொள்வதானால் இப்போதே.

சூளகிரிப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆறு வருடமாக நிற்கும் ஷோகன் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியும் நானும் போகிறோம், பெரியவரும் வருகிறேன் என்றார். டார்ச், பிளக் ஸ்பேனர், கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் எடுத்து வைத்துவிட்டேன். பிளக்கைக் கழற்றி ஆயில் விட்டு அரை மணி ஊறவைத்த பிறகுதான் கிக்கரில் கால் வைக்க வேண்டும் என்று தம்பியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.