எக்ஸாஸ்ட் ராப்பா, செராமிக் கோட்டிங்கா?

பானெட்டுக்கு அடியில் சூட்டைக் கிளப்புவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய். பெட்ரோல் எஞ்சினில் லோடு ஏறினால் அதற்குள் போகும் புகை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பக்கத்து ஒயரும் ரப்பர் ஹோஸும் காய்ந்து விரிசல் விடும். எஞ்சின் இழுக்கும் காற்றும் சூடாகி பவர் குறையும்.

இந்தச் சூட்டைக் குழாயோடு அடக்க இரண்டு வழி: ராப் சுற்றலாம், செராமிக் கோட்டிங் பூசலாம். ராப் என்பது கண்ணாடி நார் அல்லது பசால்ட் (எரிமலைப் பாறை) நாரில் நெய்த பட்டை. விலை குறைவு, வீட்டிலேயே சுற்றிவிடலாம். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம், நார்த்தூள் பொல்லாதது. சுற்றியதும் முதல் சில ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் மழைத்தண்ணீர் உள்ளே தங்கினால் சாதா இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், வெளியே தெரியவே தெரியாது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, சூடு வெளியேற வழியில்லாமல் விரிசல் விடவும் கூடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஆயில் கசிவு: எண்ணெய் ஊறிய ராப் தீப்பிடிக்கும். கசியும் எஞ்சினில் தயவுசெய்து சுற்றாதீர்கள்.

செராமிக் கோட்டிங் என்பது சூடு தாங்கும் பூச்சு. அதற்குக் குழாயைக் கழற்றி, மணலடித்துச் சுத்தம் செய்து, பூசி, அடுப்பில் சுட வேண்டும். செலவு அதிகம். சூட்டைத் தடுப்பதில் நல்ல ராப்புக்குச் சற்றுப் பின்தங்கலாம். ஆனால் ஈரம் தங்காது, துருவையும் தடுக்கும், விரிசல் வந்தால் கண்ணில் படும்.

தினமும் மழையிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு கோட்டிங்குக்கே. அடிக்கடி கழற்றிப் பார்க்கும் ரேஸ் வண்டி, அதுவும் ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால், சரி, ராப் போதும்.