அணைநீரா, நீரேற்றா?

நீலகிரியில் புனல்மின் திட்டம் என்றாலே வழக்கமான அணைநிலையமா, நீரேற்று நிலையமா (மிஞ்சும் மின்சாரத்தால் கீழ்த்தேக்க நீரை மேல்தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) என்ற கேள்வி எழுகிறது.

செலவு: 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா அணைநிலையத்தில், கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்கு 3,000 அடிக்கும் மேல் சரிந்திறங்கும் இரும்புக் குழாய்களைப் பார்த்தால், குறைந்த நீரிலேயே மிகுந்த மின்சாரம் கிடைப்பதன் காரணம் விளங்கும், ஆனால் இன்று புதிய அணை கட்டினால் சோலையும் புல்வெளியும் மூழ்கும். 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டமோ, ஏற்கெனவே உள்ள போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கங்களையே முறையே மேல்தேக்கமாகவும் கீழ்த்தேக்கமாகவும் கொண்டது; சுரங்கம் குடைவதுதான் பெருஞ்செலவு.

நீர்: முன்னது மழையை நம்பும். பின்னது இருந்த நீரையே சுழற்றும்.

ஆதாயம்: முன்னது மின்சாரம் தரும். பின்னது, உள்ளபடி சொன்னால், விழுங்கும். நீரேற்றச் செலவிடும் 100 யூனிட்டில் ஏறக்குறைய 75 முதல் 80 வரைதான் திரும்பும்.

மலிவான மின்சாரமே தேவையெனில் பழைய அணைநிலையங்களைப் புதுப்பிப்பது மேல். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை மாலை உச்சத் தேவைக்குச் சேமிக்க நீரேற்றே பொருந்தும்.